அம்மாவுக்கு இருந்தது என்று எழுது

விருத்தாசலம்
9-10-1977

அன்புள்ள ஆதிலட்சுமிக்கு அம்மா எழுதுவது. பழமலைநாதர் புண்ணியத்தில் இங்கே நாங்கள் மூவரும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் அமெரிக்கக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே மழை பிடித்துக்கொண்டது, பீங்கான் பட்டறையில் பொம்மைகள் காயவில்லை, வர்ணம் தீட்டுகிற எங்களுக்கு மூன்று நாளாக வேலை இல்லை, அதனால்தான் நிதானமாக எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்தது. நோயே இல்லாத பெண்களையும் வருஷா வருஷம் கூப்பிட்டு மார்பை எக்ஸ்ரே எடுக்கிறார்கள், கையில் தட்டுப்படாத கட்டிகூட அதில் தெரியுமாம், ஆனால் ஐம்பது வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அந்தக் கதிரே கெடுதல் செய்யலாம் என்று டாக்டர்களுக்குள்ளேயே சண்டை என்றெல்லாம் எழுதியிருந்தாய். முப்பத்தாறு வயதில் எனக்கு எதற்கு, நம் குடும்பத்தில் யாருக்கும் இந்த நோய் இல்லை என்று ஆஸ்பத்திரிப் பாரத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன் என்றும் எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்ததும் உன் அப்பா என் முகத்தைப் பார்க்காமல் கடிதத்தை மடித்து வைத்துவிட்டார்.

ஆதி, குடும்பத்தில் உண்டு. எனக்கு இருந்தது. போன வருஷம் கர்ப்பப்பைக் கட்டிக்காக வேலூர் போனேன் என்று உனக்கு எழுதினோமே, அது பொய். இடது மார்பில் புளியங்கொட்டை அளவு கட்டி, குளிக்கும்போது கையில் பட்டது. வலிக்கவில்லை, வெட்கம் வேறு, இரண்டு மாதம் மூடி மறைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து வர்ணம் தீட்டுகிற அம்சவல்லிதான் என் கை அடிக்கடி அங்கே போவதைப் பார்த்துவிட்டு, "இன்னாத்த ஒளிக்கிற, எழுந்திரு, லேடி டாக்டருகிட்ட போவலாம்" என்று பாதி வேலையில் இழுத்துக்கொண்டு போனாள். வேலூரில் மார்பை எடுத்துவிட்டார்கள். மூன்றாம் மாதம் நான் பட்டறைக்குத் திரும்பிவிட்டேன், மயில் பொம்மைக்குக் கழுத்து நீலம் இன்றைக்கும் நான்தான் தீட்டுகிறேன்.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு அதே லேடி டாக்டரிடம் போனேன். "வயசானவங்களுக்கு எடுக்கறதுல அவ்வளவா சண்டை இல்லீங்க, சின்ன வயசுக்குத்தான் சண்டை. ஆனா அம்மாவுக்கு இருந்துச்சுன்னா அந்தப் பொண்ணோட கணக்கே வேற. அவங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். எனக்குத் தலை நிமிரவில்லை.

வீட்டுக்கு வந்து, ஆதிக்கு உண்மையை எழுதப் போகிறேன் என்றேன். "தனக்கோடிய வேப்பூர்லேருந்து பொண்ணு பாக்க வராங்க, இப்பப் போயி இத வெளிய உடாத" என்றார் உன் அப்பா. ஒரு மகளுக்குக் கல்யாணம் ஆக வேண்டும் என்பதற்காக இன்னொரு மகளைக் குருடாக வைத்திருக்கச் சொல்கிறீர்களா என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை வேப்பூர்க்காரர்கள் வந்தார்கள், காபி கொடுத்த கையோடு மாப்பிள்ளையின் அம்மாவிடம் நானே சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் மார்பையே பார்த்தாள். நான் முந்தானையை இழுத்து மூடவில்லை. இன்னும் சேதி வரவில்லை. வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும், உன் தங்கையே அப்படித்தான் சொல்கிறாள்.

நாளைக்கே போய் அந்தப் பாரத்தைத் திருத்து. அம்மாவுக்கு ஐம்பத்து நாலு வயதில் இருந்தது என்று எழுது. படம் எடுப்பதா வேண்டாமா என்று நான் சொல்லமாட்டேன், எனக்குத் தெரியாது. நம் மாப்பிள்ளை வேண்டாம் என்றாலும் அதற்காக விடாதே, டாக்டர் கூப்பிட்டார் என்பதற்காகவும் ஓடாதே. என் விஷயத்தைச் சொல்லிவிட்டு, எனக்கு இதில் என்ன லாபம், என்ன கெடுதல் என்று நேருக்கு நேர் கேள், மழுப்பினால் வேறு டாக்டரிடம் போ. உன் உடம்பு, நீதான் முடிவு செய்ய வேண்டும்.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். நீ நூறு வயது நன்றாக இருப்பாய். பதில் எழுதும்போது அம்மா மார்பு ஆறிவிட்டதா என்று பச்சையாகக் கேட்டு எழுது, கவர் வேண்டாம், திறந்த கார்டிலேயே எழுது. போஸ்ட்மேன் படித்தால் படிக்கட்டும்.

உன் அம்மா,
சொர்ணாம்பாள்