பச்சை அடித்த வால்வு

1979 செப்டம்பர் 27, வியாழன்

காலையில் தூறல். அப்புறம் நல்ல வெயில். காலாண்டுத் தேர்வு முடிந்தது. அறிவியல் பரவாயில்லை. கணக்கில் கடைசிக் கேள்வி போச்சு.

மதியம் அப்பாவுக்குச் சோறு எடுத்துக்கொண்டு எங்கள் லாரிப் பட்டறைக்கு. எருமப்பட்டிக்காரர் லாரிக்கு இரண்டாவது கோட் ஓடுகிறது. பெயிண்டர் ரங்கண்ணன் வாயில் ஈரத் துண்டு. ஸ்பிரே கன்னைப் பிடித்தபடி வண்டி ஓரமாக நடக்கிறார். கை ஆடவே இல்லை. ஒரு சொட்டுக்கூட வழியவில்லை. பெயிண்டில் கலக்கும் தின்னர் வாசனையில் எனக்குத் தலைவலி.

"உங்களுக்கு வலிக்கலையாங்கண்ணா?"

"பழகிப் போச்சு சாமி. இப்ப வாசமில்லீனாத்தான் தல வலிக்குது."

அவர் மனைவி சரசக்கா வெளியே இன்னொரு லாரியின் கதவுக்குத் தண்ணீர் ஊற்றி உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தாள். கைக்குழந்தை செல்வி தூளியில். தூளி கட்டியிருப்பது காற்றடைக்கும் கம்ப்ரசருக்குப் பக்கத்துத் தூணில்! அந்த டபடப சத்தம் இருந்தால்தான் தூங்குவாளாம்.

கம்ப்ரசரைத் தானாக நிறுத்தும் சுவிட்ச் ஆடி மாதத்திலிருந்து கெட்டுக் கிடக்கிறது. தொட்டியில் காற்று மிஞ்சினால் மேலே இருக்கும் பித்தளை வால்வு 'ஸ்ஸ்ஸ்' என்று கத்தும். யாராவது ஓடிப்போய் மோட்டாரை நிறுத்துவார்கள். "அதுக்கு வாயிருக்குது, நமக்குக் காதிருக்குது. அப்பறமென்ன?" என்கிறார் ரங்கண்ணன்.

வேலை முடிந்ததும் காற்றுக் குழாயால் உடம்புத் தூசியை ஊதிக்கொள்வது அவர் வழக்கம். அப்பா திட்டினார். "காத்து தோலுக்குள்ள பூந்து ரத்தத்துல ஏறுச்சுன்னா ஆளே காலிடா. துண்டால தட்டு." "செரிங்ணா." அப்பா அந்தப் பக்கம் போனதும் தலையை மட்டும் ஊதிக்கொண்டார். முடியெல்லாம் நட்டுக்கொண்டு நின்றது. சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.

செப்டம்பர் 29, சனி

நாளை ஆயுத பூசை. பட்டறை கழுவல். வாங்கியது: பொரி, கடலை, வெண்பூசணி, வாழைக்கன்று, மாவிலை. மறந்தது: கற்பூரம். அம்மாவிடம் திட்டு.

மீந்துபோன பெயிண்ட் எல்லாம் சாமான்களுக்கு. வருடாவருடம் இப்படித்தான். ஏணிக்கு நீலம், இரும்பைக் கவ்வும் வைஸுக்குச் சிவப்பு. கம்ப்ரசரை ரங்கண்ணன் யாருக்கும் விடவில்லை. கிளிப்பச்சை. தன் காற்றை எடுத்துத் தனக்கே பூசிக்கொள்கிற இயந்திரம்! காற்றழுத்தம் காட்டும் கேஜ் கண்ணாடிக்கு மட்டும் காகிதம் ஒட்டி மறைத்தார். மற்றபடி அடி முதல் முடி வரை, போல்ட், நட், வால்வு, எதுவும் பாக்கியில்லை. இரண்டு கோட்.

சரசக்கா: "எனக்கொரு சேல எடுத்துத் தர நேரமில்ல. இதுக்குப் பட்டு கட்டியுடறாரு பாரு."

"சோறு போடறது இதுதானே புள்ள."

செப்டம்பர் 30, ஞாயிறு

வெயில். புத்தகமெல்லாம் பூசையில். தொடக்கூடாது. நாள் நகரவே இல்லை. பொரி மடித்திருந்த காகிதத்தைப் படித்தேன். அது சேர்த்தியா, தெரியவில்லை.

கம்ப்ரசருக்கு மாலை. கேஜ் கண்ணாடி நிறையச் சந்தனம், நடுவில் குங்குமம். பார்த்தால் நெற்றி மாதிரி. பச்சை மேல் மஞ்சளும் சிவப்பும், அவ்வளவு அழகு.

கற்பூரத்தை உள்ளே கொளுத்த அப்பா விடவில்லை. தின்னர் ஆவி நின்றால் தீ பிடிக்கும் என்று. எருமப்பட்டிக்காரருக்கு மனக்குறை. "உள்ள காட்டுனாத்தானுங்க சாமிக்குத் தெரியும்?"

"வாசலுக்கு வாங்கன்னா சாமி மாட்டேங்காதுங்க."

அக்டோபர் 1, திங்கள்

ராத்திரிதான் எழுத உட்கார்ந்தேன்.

விஜயதசமி. நல்ல நேரத்தில் மோட்டாரைப் போட்டார்கள். நான் பூசையிலிருந்து எடுத்த அறிவியல் புத்தகத்தோடு பட்டறை வாசலில். அப்பா எருமப்பட்டிக்காரரோடு பேச்சு. ரங்கண்ணன் பெயிண்ட் கலக்கிக்கொண்டிருந்தார். இன்னும் அடிக்கத் தொடங்கவில்லை. செல்வி தூளியில், நல்ல தூக்கம்.

ஒரு பாடம் முடிந்தது. அடுத்ததும் பாதி. ஏதோ குறைகிறது. வால்வு கத்தவேயில்லை.

கிட்டப் போய்ப் பார்த்தேன். வால்வு, அதன் வளையம், தண்டு, எல்லாம் பச்சையில் ஒன்றாக ஒட்டிக் கிடந்தன. கேஜில் காய்ந்த சந்தனம். தாவணி நுனியால் அழுத்தித் துடைத்தேன். முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி, போக இடமில்லாமல் ஓரத்தில் முட்டிக்கொண்டிருந்தது.

மோட்டாரை அணைத்தது நான்தானாம். நினைவில்லை. "அப்பா! வால்வு கத்தலீங்கப்பா!" என்றது நினைவிருக்கிறது.

அப்பா ஒரு பார்வைதான் பார்த்தார். "சரசு, புள்ளயத் தூக்கு! எல்லாரும் வெளிய! தொட்டி வெடிச்சுரும், கிட்ட ஒருத்தரும் நிக்காதீங்க!" சரசக்கா குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டி ஓடினாள். ஒரு செருப்பு தூளிக்கு அடியிலேயே.

"ரங்கா, குழாய இழுத்துட்டு செவுத்துக்கு அக்கட்டால போ. கன்னுல பெயிண்டுக் கப்பக் கழட்டிப்போட்டுக் காத்த உடு. அமுத்திப் புடி!"

ரங்கண்ணன் சுவருக்குப் பின்னால் குந்தி, கன்னை ஆளில்லாத பக்கம் திருப்பி, விசையை அமுக்கினார். காற்று சீறியது. குறைந்தது. முனகி நின்றது. அதற்கப்புறமும் அவர் விடவில்லை. அப்பாதான் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார்.

அக்டோபர் 2, செவ்வாய்

மேகமூட்டம். பட்டறையில் வேலை இல்லை. கழற்றிய வால்வு தின்னர் கிண்ணத்தில் ஊறுகிறது. இன்னும் அசையவில்லை.

ரங்கண்ணன் எங்கள் ஊட்டு வாசலில் வந்து நின்றார். (பார், எனக்கே 'ஊடு' என்று வருகிறது.) அம்மா காப்பி கொடுத்தாள். குடிக்கவில்லை.

"எம்பட கையாலயே அதும் வாய அடச்சுப்புட்டனுங்ணா. எம்புள்ள தலமாட்டுல."

அப்பா எழுந்து அவரைத் திண்ணையில் உட்காரவைத்தார். பிறகு, "வால்வு கத்தறதுக்கு முந்தியே மோட்டார் நிக்கோணும். சுவிட்ச மாத்தாம நாள் ஓட்டுனவன் நானு. நீ ஆசையாப் பெயிண்ட் அடிச்ச, அவ்வளவுதான்."

அப்பா இப்படி ஒத்துக்கொண்டு நான் கேட்டதில்லை. காப்பி ஆறிப்போனது. அம்மா சுடவைத்துக் கொண்டுவந்தாள். ரங்கண்ணன் குடித்தார்.

அக்டோபர் 3, புதன்

சேலத்திலிருந்து புது வால்வு, புது சுவிட்ச். அப்பா வளையத்தை இழுத்துக் காட்டினார். 'ஸ்ஸ்ஸ்'. எல்லோரும் ஒரு நிமிடம் அதையே கேட்டுக்கொண்டு நின்றோம்.

சுவரில் எழுத வாசகம் என்னிடம் கேட்டார்கள். நான் சொல்லச் சொல்ல ரங்கண்ணன் லாரி எழுத்தில் எழுதினார்: 'வால்வுக்குப் பெயிண்ட் கூடாது. கேஜுக்குப் பொட்டு கூடாது. தினமும் வளையத்தை இழுத்துப் பார். காற்றை மனிதர் மேல் காட்டாதே.' ஓரத்தில் ஒரு ரோசாப்பூ போட அனுமதி கேட்டார். கொடுத்தேன்.

தூளி இப்போது ரோட்டுக்கு அந்தப் பக்கம், புங்கமரத்தில். சத்தம் அவ்வளவு தூரம் எட்டவில்லை. செல்வி ஒரே அழுகை. சரசக்கா ஆட்டினாள், பாடினாள், கடைசியில் அவளும் அழுகிற மாதிரி ஆகிவிட்டாள். ரங்கண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு போனார். தூளிக்குள் குனிந்து, வாயாலேயே 'டபடபடபடப' என்றார். கன்னம் உப்பி, முகமெல்லாம் சிவந்து.

அப்பா பட்டறையிலிருந்து: "டேய், கேஜப் பாத்துக்கடா!"

செல்வி தூங்கிவிட்டாள். நிறுத்தினால் எழுந்துவிடுவாளோ என்று அவருக்குப் பயம். நான் கிளம்பும்போதும் நிறுத்தவில்லை.