ஒரே உடம்புக்கு இரண்டு அட்டை

ஆவணி, ஞாயிறு

மனைவியின் தம்பி இரண்டு மாதமாகச் சோற்றையும் மீனையும் தொடவில்லை. சிதம்பரத்தில் ஒரு மண்டபத்தில் கேள்வித்தாள் கொடுத்து உடல்வகை சொல்கிறவர்கள், அவனுக்கு ‘நெருப்பு உடம்பு’, சோறும் மீனும் ஆகாது என்று அட்டை கொடுத்துவிட்டார்கள். ஆள் பாதியாகிவிட்டான். எட்டாவது படித்த நான் சொன்னால் யார் கேட்கிறார்கள்?

இன்று அவனை அழைத்துக்கொண்டு வெறும் வயிற்றோடு அங்கே போனேன். பசித்தால் கோபம் வருமா, சோர்வாக இருக்கிறதா என்ற கேள்விகளுக்கு ‘ஆம்’ என்று எழுதினேன். நெருப்பு என்றார்கள். வெளியே வந்து நாலு இட்லியும் கத்தரிக்காய் கொத்சும் சாப்பிட்டுவிட்டு, திரும்பப் போய் ‘இல்லை’ என்று எழுதினேன். நீர் என்றார்கள்.

இரண்டு அட்டைகளையும் மேசையில் வைத்தேன். “ஏம்மா, நாலு இட்லியில என் உடம்பே மாறிடுச்சா?” அட்டை எழுதிக் கொடுத்த அம்மாள் மின்விசிறியைப் பார்த்தார்.

ஆளுக்கு ஆள் உடம்புக்கு ஒத்துக்கொள்கிற சாப்பாடு வேறுதான். எனக்குப் பலாப்பழம் ஆகாது. அதைத் தின்று பார்த்துத் தெரிந்துகொண்டேன், அட்டையைப் பார்த்து அல்ல.

பஸ்ஸில் மச்சான் தன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தான். எங்கள் செம்மண்டலத்தில் இறங்கியதும் கேட்டான்: “அப்ப எனக்கு என்னதான் உடம்பு மாமா?”

“எளைச்ச உடம்புடா. வா, ஒங்க அக்கா மீன் கொழம்பு வெச்சிருக்கா.”

மூன்று முறை சோறு வாங்கினான். என்னைப் பாராட்டி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேண்டாம். சட்டி காலி.