பச்சைப் பொத்தான் யார் கையில்

ஜூலை 3, வியாழன்

வேதியியல் நோட்டின் பின்பக்கத்தில் கதையின் நாற்பத்து மூன்றாம் பக்கத்தை முடித்துவிட்டேன். பாலத்துக் காவலன்தான் துரோகி என்பது இன்னும் யாருக்கும் தெரியாது.

சனிக்கிழமைதோறும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இந்தக் கதையைத்தான் விளையாடுகிறோம். மற்ற மூவரும் ஆளுக்கொரு பாத்திரம். அந்தப் பாத்திரம் என்ன செய்கிறது என்று அவர்கள் சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் பகடை. மற்ற உலகம் முழுக்க என் பொறுப்பு. மழை, மலை, ராஜா, ராஜாவின் பல்வலி, எல்லாம்.

இன்று இடைவேளையில் வக்கீல் பிடித்துக்கொண்டாள். எதற்கெடுத்தாலும் சட்டம் பேசுவதால் அவளுக்கு அந்தப் பெயர். "போன வாரம் நான் ஆத்துல குதிக்கறேன்னு சொன்னேன். நீ ஆறு வத்திப்போச்சுன்னுட்ட. நான் எங்க குதிச்சாலும் உன் நோட்டுக்குள்ளதானே விழணும்?"

ஆறு வற்றியது உண்மை. பக்கம் இருபத்தொன்பதில் இருக்கிறது. ஆனால் அவள் குதிக்கிறேன் என்ற பிறகுதான் அதை எழுதினேன்.

ஜூலை 4, வெள்ளி

அம்மா தையல் மெஷினில் உட்கார்ந்தபடி எங்கள் விளையாட்டைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். "நீ கதை சொல்றியா, கட்டளை போடறியா?" வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு பேசினாலும் குத்த வேண்டிய இடத்தில் சரியாகக் குத்துகிறாள்.

அவளுடைய பொத்தான் டப்பாவிலிருந்து பெரிய பச்சைப் பொத்தான் ஒன்றை எடுத்தேன். புது விதி: பொத்தான் யார் கையில் இருக்கிறதோ அவர் சொல்வது நடக்கும். யாரும் அழிக்கக் கூடாது. நானும்தான். சொல்லி முடித்ததும் அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும்.

ஜூலை 5, சனி

வரிசையாக எழுதினால் எனக்கே புரிகிறதா பார்க்கிறேன்.

முதலில் நன்றாகத்தான் போனது. கொக்கு பொத்தானை வாங்கியதும் வானத்தில் ஒரு மீன்கடை திறந்தாள். வகுப்பிலேயே அவள்தான் நெட்டை, பகடைகளும் அவளுடையவை. பொறுத்துக்கொண்டேன். பிறகு எல்லாரும் பாலத்துக்கு வந்தார்கள். பொத்தான் பூனையிடம் போனது.

பூனை என் சித்தி மகள். சித்தி வெளியூர் வேலைக்குப் போய்விட்டதால் இரண்டு மாதமாக எங்களோடு இருக்கிறாள். சத்தமில்லாமல் வந்து நிற்பாள். ஐந்து வாரமாக எங்களோடு விளையாடுகிறாள். "நானும் அப்படியே செய்யறேன்" என்பதைத் தவிர வேறெதுவும் சொன்னதில்லை.

இன்று பொத்தானை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "காவலன் கெட்டவன் இல்ல. அவனோட பொண்ணு அந்தப் பக்கம் போயிருக்கா. அவ திரும்பி வர்ற வரைக்கும் அவன் அந்த இடத்தை விட்டு நகர மாட்டான்."

நான் என்ன செய்தேன்? பொத்தான் என்னிடம் வந்ததும், "திடுக்கிட்டு விழித்தீர்கள். இதுவரை கண்டதெல்லாம் கனவு" என்றேன்.

வக்கீல், "மீன்கடையுமா?" என்றாள். கொக்கு பகடைகளை ஒவ்வொன்றாகப் பையில் போட்டாள். "நீ தனியாவே விளையாடிக்கோ. உனக்கு நாங்க எதுக்கு?"

பூனை மேசையிலிருந்த பொத்தானை எடுத்து அம்மாவின் டப்பாவில் திரும்ப வைத்துவிட்டாள். மூடியைக்கூட இறுக்கி மூடினாள்.

ஜூலை 6, ஞாயிறு

நான் விதியை மீறவில்லையே. அழிக்கவில்லை, கனவு என்றுதான் சொன்னேன். கனவும் நடந்ததுதானே — இதை வக்கீலிடம் சொன்னால் சிரிப்பாள்.

ஆனால் காவலன் நல்லவன் என்றால் ராஜாவுக்கு விஷம் வைத்தது யார்? நாற்பத்து மூன்று பக்கத்தை என்ன செய்வது? நாலு பேர் சமைத்தால் உப்பு யார் போடுவது? எனக்கு ஒன்றும் புரியவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

பூனை என்னோடு பேசுகிறாள். "குடை எடுத்துக்கங்கக்கா." பேசாமல் இருந்திருந்தால் தேவலை.

ஜூலை 10, வியாழன்

பூனை ஜன்னலோரமாகவே உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்கிறாள் என்று அம்மா சொன்னாள். தெருமுனை தெரியும் இடம். விளக்கு இருக்கும் அறைக்குக் கூப்பிட்டால், "இங்கயே இருக்கேன் பெரியம்மா" என்கிறாளாம். சித்தி வர இன்னும் நாலு மாதம்.

எனக்குக் காவலன் ஞாபகம் வந்தது. அவளிடம் கேட்கலாமா? கேட்டால் அவள் பதிலையும் நானே எழுதிவிடுவேன் போலிருக்கிறது. ஜன்னலோரம் காற்று வருகிறது, அவ்வளவுதானோ? இதிலும் நான் கதை கட்டுகிறேனோ?

கேட்கவில்லை.

ஜூலை 11, வெள்ளி

கொக்குவிடம், "கனவுன்னு சொன்னது தப்பு" என்றேன்.

"அதை எங்கிட்ட ஏன் சொல்ற? மீன்கடை போனா போகுது. அந்தப் பொண்ணு மொத தடவையா வாயத் திறந்தா."

நாளைக்கு வருவாயா என்று கேட்டேன். "வரேன். உன் நோட்டு வரக் கூடாது."

ஜூலை 12, சனி

நோட்டை அலமாரியில் வைத்துவிட்டு மேசைக்குப் போனேன். கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை.

"காவலன் நல்லவன்தான். நான் மாத்தினது தப்பு" என்று சொல்லிப் பூனையிடம் பொத்தானை நீட்டினேன்.

"வேணாங்கா. நீங்களே சொல்லுங்க."

"எனக்குத் தெரியலையே. அவன் பொண்ணு எங்க போனா?"

நிஜமாகவே தெரியவில்லை. பூனை என் முகத்தையே பார்த்தாள். குனிந்து, நோட்டு மடியில் இருக்கிறதா என்று மேசைக்கு அடியிலும் பார்த்தாள். பிறகு பொத்தானை வாங்கிக்கொண்டு, "அப்ப நீங்க இந்தப் பக்கம் வந்து உக்காருங்க" என்றாள்.

அவள் இடத்தில் நான் உட்கார்ந்தேன். என் நாற்காலியில் அவளுக்குக் கால் தரைக்கு எட்டவில்லை.

"பாலத்துக்கு யாரோ வராங்க. காவலன் கேக்கறான், நீங்க யாரு?"

இத்தனை நாளில் நான் மழையாக இருந்திருக்கிறேன், ராஜாவாக, பல்வலியாகக்கூட. ஒரு ஆளாக இருந்ததே இல்லை.

"தெரியல" என்றேன்.

"யாருன்னு தெரியாதவங்க பகடை உருட்டணும்" என்றாள் வக்கீல். "அஞ்சுக்குக் குறைஞ்சா பாலத்துக் கதவு திறக்காது." எந்தச் சட்டத்தில் இருக்கிறதோ. பூனை தலையாட்டினாள்.

மூன்று விழுந்தது.

கதவுக்கு வெளியே நிற்கிறேன். மழை பெய்கிறது என்று பூனை சொல்கிறாள்.