பாதம் மரத்துப்போன வேன் சாரதி

ஜூலை 8, திங்கள்
மேற்கிலிருந்து சுடச்சுட வீசும் கச்சான் காற்று. வேன் கண்ணாடி முழுக்கப் புழுதி. பிள்ளைகளைப் பாடசாலையில் இறக்கிவிட்டு நேரே கிளினிக். வெறும் வயிற்றில் இரத்தச் சீனி 236. மெட்ஃபோமினோடு இன்னொரு மருந்தும் சேர்ந்த புதுக் குளிசை தந்தார்கள். காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பாட்டோடு. காலையில் போடும் பழைய குளிசையும் உண்டு. வலது பாதம் மரத்திருப்பதை டொக்டரிடம் சொல்லவில்லை. சொன்னால் வேனை விடச் சொல்வார். வேறு தொழில் தெரியாது எனக்கு.

ஜூலை 12, வெள்ளி
கடும் வெயில். ஜும்ஆ தொழுகை முடிந்து நடந்தே வீடு. வாசலில் மனைவி ஹசீனா.
"இஞ்ச பாருங்க, மத்தச் செருப்பு எங்க?"
குனிந்து பார்த்தேன். வலது கால் வெறுங்கால். பாதையில் எங்கோ கழன்றிருக்கிறது. கொதிக்கிற தார் றோட்டில் நடந்தும் ஒன்றும் தெரியவில்லை. உள்ளங்காலில் கொப்புளம். அவள் கழுவித் துணி சுற்றினாள், அழுதாள். யாருடையதோ கால் போலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 18, வியாழன்
சந்தைக்கு முன்னால் ஓட்டோ ஒன்று சட்டென்று திரும்பியது. பிரேக்கைத்தான் மிதித்தேன் என்று நினைத்தேன். வேன் பாய்ந்தது. கால் இருந்தது எக்சலேட்டரில். கைப்பிரேக்கை இழுத்தேன். ஒரு சாண்தான் மிச்சம். உள்ளே பதினான்கு பிள்ளைகள். காயம் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். விளையாட்டென்று நினைத்துச் சிரித்தார்கள்.

ஜூலை 19, வெள்ளி
இன்றும் வேன் ஓடினேன். மெதுவாக. அல்லாஹ் மன்னிக்க வேண்டும்.

ஜூலை 20, சனி
கிளினிக். சீனி 148. டொக்டருக்குச் சந்தோஷம். "குளிசை நல்லா வேலை செய்யுது. ஒழுங்காப் போடுறீங்க."
அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணை மூடச் சொன்னார். நைலோன் நூலால் பாதத்தைத் தொடுவாராம், பட்டதும் சொல்ல வேண்டுமாம். காத்திருந்தேன்.
"எப்ப தொடுவீங்க டொக்டர்?"
"பத்துத் தரம் தொட்டுட்டன்."
"மறுகா உணர்ச்சி வருமா?"
"சீனி இப்பிடியே நிண்டா இன்னும் மோசமாகாமப் பாக்கலாம். போனது திரும்பும் எண்டு சொல்ல ஏலா. இனி வேன் ஓட வேணாம்."
ஓம் என்றேன்.

ஜூலை 22, திங்கள்
நேற்று முழுக்க ஃபோனை எடுப்பதும் வைப்பதுமாக. இனி வேன் வராதென்று பிள்ளைகளின் வீடு ஒன்றுக்கும் சொல்லவில்லை. காலை ஆறரைக்கு ஒரு பிள்ளையின் உம்மா அழைத்தாள், என்னை அண்ணன் முறையில் காக்கா என்பவள்.
"காக்கா, புள்ள றோட்டில நிக்கிது. எங்க வாறீங்க?"
"இண்டைக்கு வரல்ல தங்கச்சி. புள்ளட வாப்பாவ கூட்டிப்போகச் சொல்லுங்க."
"நாளைக்கு வருவீங்கதானே?"
ஃபோனை ஹசீனாவின் கையில் கொடுத்தேன். அவள் அழைப்பைத் துண்டித்துவிட்டு என் காலுக்குத் துணி எடுக்கப் போனாள்.