உப்புப் போட்ட வெண்ணெய்

முதலிபாளையம்

அன்புக் கண்ணு அக்ஷராவுக்கு அப்பா எழுதறது. நானும் அம்மாவும் ஊட்டுல சௌக்கியம், இந்தத் தடவை அந்த வார்த்தையை மனசார எழுதறேன். நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிர்ல மேலுக்குச் சொகமா இருக்கோணும். போன்ல இதையெல்லாம் கோர்வையாச் சொல்ல எனக்கு வராது, அதனால டப்ளினுக்குப் படிக்க வர்ற பக்கத்து ஊட்டுக் கதிர்வேல் கையில பனியனோட இதையும் குடுத்தனுப்பறேன்.

ஆடியில வந்த காய்ச்சலோட அம்மாவுக்கு வாசமும் ருசியும் போனது உனக்குத் தெரியும், எவ்வளவு தூரம் போச்சுன்னு நாங்க உங்கிட்டச் சொல்லலை அம்மிணி. சோத்தைப் பெசஞ்சு ரெண்டு வாய் வெச்சுட்டு, மண்ணைத் திங்கற மாதிரி இருக்குதுங்கன்னு எந்திரிச்சுப் போயிருவா. ஜாக்கெட்டெல்லாம் தொளதொளன்னு ஆயிப்போச்சு. டாக்டரைக் கேட்டா வந்துரும், எப்பன்னு சொல்ல முடியாதுன்னார். கேக் ஆர்டரையும் விட்டுட்டா, நாக்குச் செத்தவ அடுத்தவங்களுக்கு என்னத்தை விக்கறதுன்னு ஓவனைத் துணி போட்டு மூடிட்டா. நான் கம்பெனியில நிட்டிங் மெஷின் சத்தத்துலயே நிம்மதியா இருந்தேன், ஊட்டு அமைதிதான் தாங்கலை.

போன வாரம் மேல குடியிருக்கற நாகஜோதி வந்துச்சு. பனியன் கம்பெனியில செக்கிங் பாக்கற மதுரைப் பக்கத்துப் பொண்ணு. மக பொறந்த நாளுக்கு நீங்க செய்ற கேக்குதான் வேணும்னு புள்ள ஒத்தக்கால்ல நிக்குதுக்கா, அளவு உங்க கைக்கே தெரியும், ருசிய நாங்க பாத்துக்கிறோம்னு விடவே இல்லை. அம்மா அரை மனசா ஒத்துக்கிட்டு, உப்பில்லாத வெண்ணெய்னு கேட்டு வாங்கீட்டு வாங்கன்னு என்னை அனுப்புனா. நான் காதர்பேட்டைக் கடைவீதியில, பனியன் வாங்கற ஒரு பார்ட்டியோட போன்ல பேசிக்கிட்டே கடைக்காரர் நீட்டுனதைப் பையில போட்டுக்கிட்டு வந்துட்டேன். அது உப்புப் போட்ட வெண்ணெய். அம்மாவும் அட்டையைப் பார்க்காம, வழக்கமாப் போடற உப்பையும் சேர்த்துப் போட்டுட்டா.

முதல்ல ஒரு சின்ன கப்புல வேகவெச்சு எனக்குக் குடுத்தா. வாயில வெச்சதும் ஒரே கரிப்பு! ஆனா நெம்ப நாளைக்கப்புறம் அடுப்படியில முந்தானையைச் செருகிக்கிட்டு நிக்கறவகிட்ட அதை எப்படிச் சொல்றது? அருமையா இருக்குதுன்னுட்டேன். பழக்கதோசத்துல அவளும் ஒரு துணுக்கை நாக்குல வெச்சா. இன்னொரு துணுக்கையும் வெச்சுப் பார்த்தா. ஏனுங்க, உப்புக் கரிக்குதுங்கன்னா. கேக் கெட்டதுக்கு அழுவாளோன்னு பயந்தேன், அவ என் கையைப் புடிச்சு, உப்புங்க, எனக்கு உப்புத் தெரியுதுங்கன்னு சிரிச்சுக்கிட்டே அழுவறா. அப்புறம் புளி, சக்கரை, எலுமிச்சங்காய் ஊறுகாய்னு ஒவ்வொண்ணா நக்கிப் பார்த்தா. நான் மூஞ்சியத் தொடச்சுக்கறதுக்குள்ள, இதையா அருமைன்னீங்க, உங்க நாக்குல என்னங்க கோளாறுன்னு நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். பொழுதோட வண்டியில அவளே கூட வந்து, அட்டையைப் படிச்சு, சரியான வெண்ணெயை எடுத்தா. ரெண்டாவது கேக்கை நாகஜோதி ஊட்டுல ஒரு துணுக்கு மிச்சமில்லாமத் தின்னாங்க.

நீ அங்க கடையில ரெண்டு விதம் இருக்குது, எதை வாங்கறதுன்னு கேட்டியல்ல, அம்மா எழுதச் சொல்றா. கேக்குக்கு உப்பில்லாததே வாங்கு, உப்பை நாம போட்டுக்கலாம், அவங்க போட்டதை எடுக்க முடியாது. உப்புப் போட்டதுதான் கெடைச்சா, நீ தனியா உப்புப் போடாதே. ரொட்டிக்குத் தடவ எதுன்னாலும் ஆகும்.

வாசம் இன்னும் முழுசா வரலை. ஆனா நேத்து நான் கம்பெனியில இருந்து வந்ததும், மெஷின் ஆயில் நாத்தம் கொடலைப் பொரட்டுது, சட்டையைக் கழட்டிப்போட்டு உள்ள வாங்கன்னு வாசல்லயே நிறுத்திட்டா. நானும் கழட்டாம ரொம்ப நேரம் சந்தோசமா நின்னேன் கண்ணு.

எந்தக் கொறையும் இல்லாம ரெண்டு பேரும் நூறு வருசம் நல்லா இருங்க. காதை மூடாம வெளிய போகாதே. ஞாயித்துக்கெழமை அம்மாவைக் கூப்பிடு, அவ சொல்றப்பப் புதுசாக் கேக்கற மாதிரிக் கேளு.

உன் அப்பா,
தண்டாயுதபாணி