கப்பல் நம்மிடம், பேர் அவரிடம்

தல்கவானோ, சிலி
அக்டோபர் 19, 1997, ஞாயிறு

அன்பு மகன் ரெனாத்தோவுக்கு,

உன் அப்பா பெலிசாரியோ எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, கடை மூன்றும் சுகம். மூன்றையும் ஒரே மூச்சில் சொல்கிறேன் என்று அம்மா பக்கத்தில் உட்கார்ந்து முறைக்கிறாள். அங்கே பெருவில், கயாவோவில் நீயும் சோய்லாவும் அவள் வயிற்றுப் பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும் என்று புனித பேதுருவிடம் தினமும் சொல்லி வைக்கிறேன். அவருடைய மீனவர்களுக்கெல்லாம் கயிறும் தூண்டிலும் கடனுக்குக் கொடுத்தவன் நான், அந்த மரியாதைக்காவது கேட்பார்.

அன்றைக்கு நீ போனில் பையன் பிறந்தால் தெயோபிலோ என்று வைக்கப் போகிறோம் என்று சொன்னதும் பேச்சு நின்று போயிற்றே, லைன் அறுந்துவிட்டது என்று அம்மா உன்னிடம் சொன்னாளாம். லைன் அறுந்துபோகவில்லை, நான்தான் வைத்தேன். அதற்கப்புறம் நீ கூப்பிட்டபோதெல்லாம் நான் கடையில் இருந்தேன், ஞாயிற்றுக்கிழமையிலும் இருந்தேன். என் அப்பா பெலிசாரியோ, நானும் பெலிசாரியோ. நீ பிறந்தபோது உன் அம்மா ரெனாத்தோ என்று ஆசைப்பட்டாள், போகட்டும், பேரனில் பிடித்துக்கொள்ளலாம் என்று விட்டுக் கொடுத்தேன். இப்போது பேரன் வரும் நேரத்தில் உன் மாமனார் பேர் முன்னால் வந்து நிற்கிறது. ஏற்கெனவே நீ அந்த மனுஷனோடு ஒரே தெருவில் இருக்கிறாய், ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு அவர் வீட்டில், தலைமுடியும் அவர் கையால் வெட்டிக்கொள்கிறாய். இங்கே இருந்தவரை முடி வெட்டிக்கொள்ள உன்னைப் பிடித்து இழுத்துப் போக வேண்டியிருந்தது. போன மாதம் வந்த போட்டோவில் உன் தலை அவ்வளவு ஒழுங்காக இருந்தது, கன்னமும் கொஞ்சம் உப்பியிருந்தது. அதைப் பார்த்து அம்மா சந்தோஷப்பட்டாள். எனக்கு வயிறு எரிந்தது, மறைக்கப் போவதில்லை.

அப்படி எரிந்துகொண்டிருந்த நேரத்தில்தான் சம்பந்தியே பஸ்ஸில் வந்து இறங்கினார். வருவதாக உன் அம்மாவிடம் போனில் சொல்லியிருக்கிறார், அவள் என்னிடம் சொல்லவில்லை, சொன்னால் கொள்முதலுக்கு என்று வால்பரைசோ ஓடிவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும். எத்தனை நாள் பஸ்ஸில் உட்கார்ந்து வந்தாரோ, கால் இரண்டும் வீங்கியிருந்தன. கையில் ஒரு துணிப்பை. பெட்டியை என்னிடம் கொடுத்தார், பையைக் கொடுக்கவில்லை. அதை அவர் பிடித்திருந்த விதத்தைப் பார்த்ததுமே நீ எனக்கு ஏதோ கொடுத்தனுப்பியிருக்கிறாய் என்று முடிவு செய்துவிட்டேன். நல்ல கத்தியாக இருக்கும் என்று நினைத்தேன். வெளியே அவசரம் காட்டாமல் காத்திருந்தேன். ராத்திரி சாப்பாட்டில் அவர் தங்கள் ஊர் பிஸ்கோ சாராய பாட்டில் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார், நானும் விடவில்லை, நம்மூர் பிஸ்கோவை அதன் பக்கத்திலேயே வைத்தேன். இரண்டையும் குடித்தோம், எது நல்லது என்று இருவரும் வாயைத் திறக்கவில்லை. அம்மா கொங்கர் மீன் குழம்பு வைத்திருந்தாள். அதில் நடுத்துண்டு யாருக்குப் போனது தெரியுமா? முப்பத்தைந்து வருஷமாக அந்த நடுத்துண்டு என் தட்டில்தான் விழும். நான் பார்த்த பார்வையைப் பார்த்துவிட்டு, "அவரு விருந்தாளி, நீங்க வீட்டுக்காரரு, வாலத் தின்னுங்க" என்றாள். சம்பந்தி சிரித்தார். பையிலிருந்து எதுவும் வெளியே வரவில்லை.

மறுநாள் காலையில் அவர் என்னைச் சமையலறை நாற்காலியில் உட்கார வைத்து, கழுத்தில் துண்டைக் கட்டி, முடி வெட்டிவிட்டார். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன், "சும்மா உக்காருங்க சம்பந்தி, காதுகிட்ட புதரா கெடக்கு" என்றார். நன்றாகத்தான் வெட்டுகிறார். அதுவே எரிச்சலாக இருந்தது. வெட்டிக்கொண்டே ஒரு விஷயம் கேட்டார். உவாஸ்கர் போர்க்கப்பலைப் பார்க்க வேண்டும், எட்டாம் தேதி அதில் செத்த தங்கள் அட்மிரலுக்காக நடக்கும் சடங்கின்போது கூட்டமும் அதிகாரிகளுமாக இருக்கும், சாதாரண நாளில் போகத்தான் இப்போது வந்தேன் என்றார். எனக்கு உள்ளுக்குள் ஒரு கெட்ட சந்தோஷம் வந்தது. மீனிலும் தோற்றேன், பேரிலும் தோற்றேன், இதில் தோற்க மாட்டேன் என்று நினைத்தேன். அந்தக் கப்பல் பெரு நாட்டுக்காரர்களுடையதாக இருந்தது, சண்டையில் நாம் பிடித்தோம், நூறு வருஷத்துக்கு மேலாக நம் கையில், இப்போது நம் துறைமுகத்தில் மிதக்கிறது. அதை அவர் கண்முன்னால் நிறுத்தி, பாருங்கள், எங்களிடம் இருக்கிறது என்று வாயால் சொல்லாமலே சொல்லிவிடலாம். நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டேன். அவர் துணிப்பையையும் எடுத்துக்கொண்டார். கப்பலில் வைத்து என் கத்தியைக் கொடுக்கப் போகிறார் என்று நினைத்தேன், முட்டாள்.

கடற்படைத் தளத்து வாசலில் அடையாள அட்டை கேட்டார்கள். என் அட்டையை வாங்கிய சிப்பாய் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. அவர் பாஸ்போர்ட்டை வாங்கியதும் எழுந்து நின்று, "கயாவோவிலிருந்தா வர்றீங்க ஐயா, வாங்க வாங்க" என்றான். நாற்பது வருஷமாக இந்த ஊரில் கயிறும் பெயிண்டும் விற்கிறேன், அறுந்த வலையைப் பிரித்துத் துண்டுக் கயிறு விற்ற நாளிலிருந்து என்னை இந்தத் துறைமுகத்துக்குத் தெரியும், ஒரு நாளும் எனக்காக எவனும் எழுந்து நின்றதில்லை. சின்னப் படகில் ஏற்றிக் கப்பலுக்குக் கொண்டுபோனார்கள். மேல்தளத்தில் கால் வைத்ததும் சம்பந்தி தொப்பியைக் கழற்றினார். அப்புறம்தான் எனக்கு ஞாபகம் வந்து நான் கழற்றினேன். என் கண் வழக்கம்போல் சரக்கின் மேல் போயிற்று. பித்தளை எல்லாம் முகம் பார்க்கலாம் போலத் துடைத்திருக்கிறார்கள், பலகையில் ஒரு பிசிறு இல்லை, கயிறுகளைச் சுருட்டி வைத்திருக்கும் அழகைக் கடையில் இருக்கிற பையன்களைக் கூட்டிவந்து காட்ட வேண்டும். கயிறு யாரிடம் வாங்குகிறார்கள் என்று விசாரித்தேன். என்னிடம் இல்லை. அந்த எரிச்சல் தனி.

எங்களுக்குச் சுற்றிக் காட்டிய மாலுமி தெமூக்கோ பக்கத்துப் பையன், உன்னைவிட இளையவன். அந்தச் சண்டையில் நம் கேப்டன் தன் கப்பலிலிருந்து இதில் குதித்து வந்து விழுந்து செத்த இடத்தை முதலில் காட்டினான். கையில் கொண்டுபோயிருந்த பூங்கொத்தை அங்கே வைத்தேன், அவருக்கு மட்டும்தான் வாங்கியிருந்தேன். சம்பந்தி என் பக்கத்தில் வந்து, என்னைவிட அதிக நேரம் தலை குனிந்து நின்றார். அப்புறம் அவர்கள் அட்மிரல் குண்டுபட்டுச் செத்த இரும்புக் கோபுரத்துக்கு வந்தோம். ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் அங்கே கத்திக்கொண்டிருந்தது. மாலுமி அவர்களிடம் போய், "சத்தம் போடாதீங்க, இவரு கயாவோக்காரரு" என்றான். அவ்வளவுதான், நாற்பது வாலும் வாயை மூடிக்கொண்டு வழி விட்டன. சம்பந்தி இரும்பின் மேல் உள்ளங்கையை வைத்தார். நம் மாலுமி தன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு இரண்டு அடி தள்ளி நின்றான். என் ஊர், என் கப்பல், என் கோட்டு, அத்தனையும் போட்டுக்கொண்டு நான் ஓரத்தில் நின்றேன், கல்யாண வீட்டில் பந்தல்காரன் நிற்கிற மாதிரி.

கொஞ்ச நேரம் கழித்து அவர் என் பக்கம் திரும்பினார். அழுதிருந்தார், ஆனால் முகத்தில் கோபம்தான் இருந்தது. "துருப்பிடிச்சுக் கெடக்கும்னு நெனச்சு வந்தேன் சம்பந்தி. நல்லா நாலு வார்த்த திட்டிட்டுப் போகலாம்னு இருந்தேன். எங்ககிட்ட இருந்திருந்தாக்கூட இப்பிடி வச்சிருப்போமான்னு தெரியல. இவ்வளவு நல்லா வச்சிருக்கீங்களே, திட்டக்கூட வழியில்லாமப் பண்ணிட்டீங்களே" என்றார். அவர் என்ன சொல்கிறார் என்று எனக்குத் துல்லியமாகப் புரிந்தது. போன மாதத்துப் போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு, உப்பிய உன் கன்னத்தையும் ஒழுங்காக வெட்டிய உன் தலையையும் பார்த்து நான் பட்டதும் அதேதான். நீ இளைத்துப் போயிருந்தால் அந்த மனுஷனை எவ்வளவு நிம்மதியாகத் திட்டியிருப்பேன்.

அதற்கப்புறம்தான் துணிப்பையைத் திறந்தார். ரெனாத்தோ, உள்ளே ஒரு கண்ணாடி பாட்டில், அதில் தண்ணீர். கயாவோவின் கடல்நீர், இந்த இரும்பு ஒரு தடவை எங்க தண்ணியைத் தொடட்டும் என்று கொண்டுவந்தேன் என்றார். கப்பலோரத்தில் ஊற்றலாமா என்று மாலுமியைக் கேட்டார். அவன் கொஞ்சம் யோசித்தான். "ஐயா, அந்தா ஒரு பெலிக்கன் உக்காந்திருக்கு பாருங்க, நான் அதத்தான் பாத்துட்டு இருக்கேன்" என்று சொல்லி முதுகைத் திருப்பிக்கொண்டான். எல்லையில் ஒரு அதிகாரி பிஸ்கோ என்று சந்தேகப்பட்டு இந்தப் பாட்டிலில் ஒரு வாய் குடித்தே பார்த்தானாம், துப்பிய துப்பு இன்னொரு பயணி சட்டையில் விழுந்ததாம், அப்புறம் இவர் அதே டேப்பைத் திரும்ப மூடியில் சுற்றிக்கொண்டாராம். சம்பந்தி அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே டேப்பைப் பிரிக்கப் போனார். அப்போதுதான் நான் பார்த்தேன். டேப்பின் நுனி உள்ளே மடித்து ஒட்டியிருந்தது. பிரிக்கிறவன் நகத்தால் சுரண்டக் கூடாது, நுனியை மடித்துவிடு என்று பெயிண்ட் டப்பாக்களை வைத்து உனக்கு நான்தான் கடையில் சொல்லிக் கொடுத்தேன். யாரு இத ஒட்டினது என்று கேட்டேன். "வேற யாரு, உங்க மகன்தான். எனக்கு முட்டி சரியில்லல்ல, லா புந்தா கடற்கரையில கூழாங்கல்லுல எறங்க முடியல. அவன்தான் பேன்ட்ட மடிச்சுக்கிட்டு முழங்கால் தண்ணிக்குள்ள போயி, கரையோரத்துத் தண்ணி அழுக்கா இருக்கும்னு தள்ளிப் போயி புடிச்சுக்கிட்டு வந்தான்" என்றார்.

நம் கடையில் மழைநாளில் பின்னறைக்குள் போகச் சொன்னால் ஷூ நனையும் என்று சொன்னவன் நீ. இன்னொருத்தர் கப்பலுக்காகக் குளிர்ந்த கடலில் முழங்கால் வரை நின்றிருக்கிறாய். மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு அங்கே வந்தது பாதி பொறாமை, பாதி என்னவென்று எனக்குத் தெரியவில்லை. அவர் பாதியை ஊற்றிவிட்டு, "மீதிய நீங்க ஊத்துங்க சம்பந்தி" என்று பாட்டிலை நீட்டினார். வாங்கினேன். ஊற்ற மனசு வரவில்லை, உன் கை நிரப்பியது. ஆனாலும் ஊற்றினேன். பிரித்த டேப்பை மட்டும் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன், அவர் பார்க்கவில்லை.

திரும்பும் படகில் எனக்கு வியாபாரப் புத்தி திரும்பி வந்தது. மனுஷன் மனசு இளகியிருக்கிறது, இதுதான் நேரம் என்று பேர் விஷயத்தை எடுத்தேன். "சம்பந்தி, நியாயமாப் பேசலாம். மொதப் பேரன் எனக்கு, அடுத்தது உங்களுக்கு. என்ன சொல்றீங்க?" என்றேன். அவர் பின்னால் திரும்பிக் கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "கப்பல நீங்க வச்சுக்கிட்டீங்க. பேரையாச்சும் எனக்கு விட்டுடுங்களேன்" என்றார். படகோட்டி வாய்விட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன். சிரித்து முடித்துப் பார்த்தபோது அவர் சிரிக்கவில்லை. எந்தப் பேரத்திலும் கடைசி வார்த்தை என்னுடையதாகத்தான் இருக்கும் என்பது உனக்குத் தெரியும். அன்றைக்கு இல்லை. கரைக்கு வரும்வரை யோசித்துப் பார்த்தேன், பதில் கிடைக்கவில்லை, இதை எழுதும்போதும் கிடைக்கவில்லை.

அதனால் தெயோபிலோ என்றே வை. நான் முழு மனசோடு சொல்லவில்லை, பொய் சொல்ல மாட்டேன், ஆனாலும் வை. பிள்ளையின் இரண்டு குடும்பப் பேரில் எப்படியும் நம் சன்வேசாதான் முன்னால், அவருடைய வபாயா பின்னால், அதை அவராலும் மாற்ற முடியாது. தெயோபிலோவுக்கும் சன்வேசாவுக்கும் நடுவில் ஒரு இடம் காலியாகக் கிடக்கும். அதில் என்ன வைப்பது என்று நான் சொல்ல மாட்டேன், கேட்கவும் மாட்டேன். பெண் பிறந்தால் இந்தச் சண்டையே இல்லை, அம்மா ஏற்கெனவே ஏதோ பேர் வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள், அது சம்பந்தியம்மாவுக்கும் அவளுக்கும் உள்ள கணக்கு.

சோய்லாவை ஏணியில் ஏற விடாதே. தொட்டிலுக்கு நீயே பெயிண்ட் அடிக்கப் போவதாகச் சம்பந்தி சொன்னார், படகுக்கு அடிக்கிற பெயிண்டை அடித்துத் தொலைக்காதே, பிள்ளை தொட்டிலைக் கடிக்கும். பிறந்ததும் போன் செய், இந்தத் தடவை எடுப்பேன். ஞானஸ்நானத்துக்கு நான் வருகிறேன், கடையை அம்மாவின் தம்பியிடம் விட்டுவிட்டு வருகிறேன், வந்தால் சம்பந்தி வீட்டில் தங்க மாட்டேன், உன் வீட்டில்தான், தரையில் என்றாலும் சரி. அன்றைக்கு நடுத்துண்டு எனக்கு.

இந்தக் கடிதத்தைச் சம்பந்தியே எடுத்து வருகிறார், ஒட்டித்தான் கொடுக்கிறேன், படித்துவிடுவார் என்று இல்லை, படித்தால் அவருக்குப் பெருமை தாங்காது. அவர் பையில் அதே பாட்டில் இருக்கும். கழுவி, உவாஸ்கருக்குப் பக்கத்தில் நம் துறைமுகத்துத் தண்ணீரை நிரப்பியிருக்கிறேன். நானே பேன்ட்டை மடித்துக்கொண்டு இறங்கினேன், கரையோரத்துத் தண்ணீர் அல்ல, தள்ளிப் போய்ப் பிடித்தது, ஷூ நனைந்தது என்று அம்மா இன்னும் பேசிக்கொண்டிருக்கிறாள். அவர் அதைத் தனக்கென்று நினைத்துக்கொண்டிருக்கிறார், நானும் திருத்தவில்லை. அது அவருக்கு அல்ல. பஸ்ஸிலிருந்து இறங்கியதும் வாங்கி உள்ளே வை. பிள்ளையை முதல் தடவை குளிப்பாட்டும்போது காலில் ஒரு சொட்டு விடு, அவர் கையால் அல்ல, உன் கையால்.

உங்கள் மூவருக்கும் கடவுள் நல்ல உடம்பும் நல்ல காற்றும் கொடுக்கட்டும். அம்மாவின் முத்தம் மூவருக்கும்.

உன் சொந்த அப்பா
பெலிசாரியோ சன்வேசா

மறந்துவிட்டேன், பாட்டிலைக் கத்தியால் குத்தித் திறக்காதே. டேப்பின் நுனியை மடித்திருக்கிறேன்.