உள்ளறைக்கு வெள்ளை

மார்கழி 17, ஞாயிறு

பனி. எட்டு மணிக்கும் கொல்லைத் தென்னை தெரியவில்லை. அத்தை, இவருடைய அம்மா, திருப்புலிவனத்துக்குப் போயிருக்கிறார், மகள் வீட்டுக்கு. திரும்ப நாலு நாள். அதற்குள் வீட்டை வெளிச்சமாக்கிவிட வேண்டும். பொங்கல் வருகிறது, ஏன் என்று யாரும் கேட்க முடியாது.

வேலை:
வெள்ளையடிக்கக் கன்னியப்பன் - சொல்லியாச்சு.
சுண்ணாம்பில் துளி நீலம். போட்டால்தான் பளிச்.
நெற்குதிருக்குப் பின்னால் ஒட்டடை.
கிழிந்த பாய், ஓட்டை முறம் - போகிக்கு.
உள்ளறை ஜன்னல்.

கடைசிதான் முக்கியம். எனக்கு ஏழாம் மாதம். அம்மா போனதோடு தாய்வீடும் போயிற்று. ஆகவே பிரசவம் இங்கே, அந்த உள்ளறையில் என்று அத்தை முடிவு. இவருடைய முதல் சம்சாரம் பச்சையம்மாள் அக்கா பிள்ளை பெற முடியாமல் போய்ச் சேர்ந்ததும் அதே அறையில். மூன்று வருஷம் ஆகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், அவ்வளவுதான்.

மார்கழி 18, திங்கள்

கன்னியப்பன் வந்தார். ஜன்னலுக்குக் குறுக்கே இரண்டு பலகை, முழுக்க ஆணி.

“இத யாரும்மா அட்ச்சது? பொணப்பொட்டி கணக்கா கீது.”

அவர் நாக்கில் சனி. பலகையைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தால் அறைப் பக்கம் முழுக்கக் கீறல். “எலிம்மா” என்றார். எலி அவ்வளவு உயரத்துக்கு ஏறுமா? பலகை அடுப்புக்கு. எரியும்போது பக்கத்தில் நிற்கவில்லை.

இவர் படியோடு நின்றார். “மாசமா கீற. உனுக்கு எதுக்கு இந்த வேல?”

“வெளிச்சம் வேணும்.”

துண்டை உதறிக்கொண்டு கழனிக்குப் போய்விட்டார்.

மார்கழி 19, செவ்வாய்

இரண்டாம் பூச்சு. தரைக்குச் சாணி. நெற்குதிரை இரண்டடி நகர்த்தியதில் அறையே பெரிதானது போல. வேப்பங்காற்று நேரே உள்ளே.

மதியம் தனியாகப் படுத்தேன். முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சு வாங்குகிற சத்தம். திரும்பினால் சுவர். சுண்ணாம்பு காயும்போது சத்தம் வருமோ? “அக்கா, உங்க இடத்தப் பிடுங்க வரல” என்று வாய்விட்டே சொன்னேன். பைத்தியம்.

நாளைக்கு: திரைச்சீலை.

மார்கழி 20, புதன்

பரண்மேல் டிரங்குப் பெட்டி. உள்ளே மஞ்சள் புடவை, அரக்குக் கரை, கட்டாத கோடி. பாதியாகக் கத்தரித்து ஜன்னலுக்கு ஒன்று, வாசலுக்கு ஒன்று. வெயில் பட்டதும் அறை முழுக்க மஞ்சள். சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றில் ஒரு உதை.

சாயங்காலம் அத்தை, ஒரு நாள் முன்னதாகவே. படியேறியவர் அப்படியே நின்றார்.

“இன்னாமே பண்ணி வெச்ச? அது பூவாடக்காரி பொடவமே! உன் கண்ணாலத்துக்கு மின்ன பச்சையம்மாளுக்குப் படைச்சது!”

சுமங்கலியாய்ப் போனவளைப் பூவாடைக்காரி என்று கும்பிட்டு, வீட்டில் கல்யாணத்துக்கு முன் கோடி வைத்துப் படைப்பது எங்கள் பக்கமும் உண்டு. படைத்ததை வருகிற மருமகள் கட்டிக்கொள்வாள். எனக்கு யாரும் தரவில்லை. தந்திருந்தால் தெரிந்திருக்கும். குங்குமக் கறை இருந்ததே! சாயம் என்று நினைத்தேனே, பாவி.

மார்கழி 21, வியாழன்

அத்தை சாப்பிடவில்லை. காலையிலிருந்து திறந்த ஜன்னலடியில். ஊசிநூல் கேட்டார். இரண்டு துண்டையும் சேர்த்துத் தைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல்:

“காத்து வோணும்னு கேட்டாமே அவ. ஜன்னலத் தொற அத்தன்னு கத்தனா. காத்து கருப்பு பூந்துரும்னு நான்தான் பலக வெச்சி அட்ச்சேன். எய்ந்து நின்னு கையால பிராண்டனா. டாக்டரம்மாவ இட்டாறேன்னான் எம்புள்ள. அதயும் நான்தான் வாணாம்னேன்.”

ஊசியில் மறுபடி நூல் கோத்துக்கொண்டு: “பொடவய உனுக்குக் குடுக்க பயம். கட்னா நீயும் அவளாட்டம் பூடுவியோன்னு.”

எனக்குக் கோபம், இரக்கம், இரண்டும். கோபம்தான் அதிகம்.

தைத்து முடித்து என் மடியில் போட்டார். “கிழிச்சாச்சி, இனிமே கட்டாம வெச்சா அவ வுட மாட்டா. கட்டிக்க. காலீல காஞ்சிபுரம் போயி ஆஸ்பத்திரில பேர எய்திக்கினு வா. இந்த வூட்ல வாணாம்மே.”

தனியாக உட்கார்ந்து அழுதேன். உயிரோடு இருப்பேன் போலிருக்கிறது.

மார்கழி 22, வெள்ளி

மஞ்சள் புடவை கட்டியாயிற்று. தையல் வயிற்றின் மேல் வருகிறது, உறுத்தல். தலையில் டிசம்பர்ப்பூ. பையில் இட்லி, மாற்றுப்புடவை, தண்ணீர்ச் செம்பு. அத்தை திருநீறு பூசிவிட்டு உள்ளே போய்விட்டார்.

இவர் பஸ் வருகிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். வாசலில் என்னைப் பார்த்தார். வெகு நேரம்.

“பச்சையம்மா, பஸ்ஸு வந்துக்கினு கீது” என்றார்.

அக்கா பெயருக்கு நானும் “வரேன்” என்றேன்.